கையில் ஒரு டம்ளர்

எங்கள் பழைய அலுவலக நண்பர்கள் ஆறேழு பேர் ஆண்டுக்கு இரண்டு முறை யாராவது ஒருவர் வீட்டு மொட்டை மாடியில் கூடுவோம். சிலர் கொஞ்சம் 'போட்டுக்கொள்வார்கள்'. மற்றவர்கள் முறுக்கோடும் அரட்டையோடும் நிறுத்திக்கொள்வோம். சென்ற முறை ஒரு நண்பர் வந்த அரை மணியிலேயே கிளம்பிவிட்டார். டாக்டர் கண்டிப்பாகச் சொன்ன பிறகு குடியை விட்டு அவருக்கு அப்போது ஏழு மாதம். மறுநாள் போனில் விசாரித்தபோது சொன்னார்: "யாரும் வற்புறுத்தல சார். எல்லார் கையிலயும் ஒரு டம்ளர் இருந்தது. என் கையில ஒண்ணும் இல்ல. அங்க உட்கார முடியல, அவ்வளவுதான்."

அந்தப் பேச்சு மனதில் தைத்துவிட்டது. அடுத்த கூட்டம் என் வீட்டில். அவர் கையில் எதைக் கொடுப்பது? மோரும் எலுமிச்சைச் சாறும் தினம் குடிப்பவைதான். விடுமுறைக்கு வந்திருந்த பேத்தி, "ஐஸ் சாக்லேட் போடலாம் தாத்தா" என்றாள். அதைச் செய்து பழகும் சாக்கில் கொஞ்சம் படிக்கவும் செய்தேன். என் நண்பரின் பிரச்சினைக்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே சிலர் விடை தேடியிருக்கிறார்கள். அவர்கள் கண்ட விடையும் சாக்லேட்தான்!

சாக்லேட் முதலில் தின்பண்டமே அல்ல. மெக்சிகோ பக்கத்து மாயா, ஆஸ்டெக் மக்கள் கொக்கோ விதையை வறுத்து அரைத்து, மிளகாய் சேர்த்து, உயரத் தூக்கி ஊற்றி நுரை பொங்கக் குடித்தார்கள். நம் ஊர் டீ மாஸ்டர் ஆற்றுவதைப்போல என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்பெயின்காரர்கள் அதை ஐரோப்பாவுக்குக் கொண்டுபோய்ச் சர்க்கரை சேர்த்தார்கள். ஆனால் கொக்கோ விதையில் பாதிக்குமேல் கொழுப்பு. பானத்தின் மேல் எண்ணெய் மிதக்கும். 1828-ல் நெதர்லாந்தின் வான் ஹூட்டன் நிறுவனம் அந்தக் கொழுப்பைப் பிழிந்தெடுக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றது. இன்று நம் சமையலறையில் இருக்கும் கொக்கோ பவுடரின் பிறப்பு அங்கேதான்.

அதே காலத்தில் இங்கிலாந்தின் தொழில் நகரங்களில் குடி ஏழைகளை அழித்துக்கொண்டிருந்தது. குவேக்கர்கள் என்றொரு கிறிஸ்தவப் பிரிவினர் இருந்தார்கள். அரசாங்கத் திருச்சபையைச் சேராதவர்கள் என்பதால் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் கதவுகள் நீண்ட காலம் அவர்களுக்குத் திறக்கவில்லை. ஆகவே பலர் வியாபாரத்தில் இறங்கினார்கள். 1824-ல் பர்மிங்ஹாமில் ஜான் கேட்பரி என்ற இளைஞர் கடை திறந்து டீ, காபி, குடிக்கும் சாக்லேட் விற்றார். வறுமைக்கு மது ஒரு பெரிய காரணம் என்று நம்பியவர் அவர். மதுவுக்கு மாற்றாக ஒன்றைக் கொடுப்பதும் தன் வியாபாரத்தின் நோக்கம் என்று கருதினார். பிரிஸ்டலில் ஃப்ரை குடும்பம், யார்க்கில் ரவுண்ட்ரீ குடும்பம் என்று இங்கிலாந்தின் பெரிய சாக்லேட் நிறுவனங்கள் மூன்றும் குவேக்கர்கள் கையில் வளர்ந்தவை.

1879-ல் ஜானின் மகன்கள் தொழிற்சாலையை நகருக்கு வெளியே கொண்டுபோனார்கள். அந்த இடத்துக்குப் போர்ன்வில் என்று பெயர். பிறகு அதையொட்டித் தோட்டத்தோடு கூடிய வீடுகள் எழுந்தன. மதுக்கடை மட்டும் கிடையாது. நம் பிள்ளைகளுக்குக் கலக்கிக் கொடுத்தோமே போர்ன்விட்டா, அந்தப் பெயர் இந்த ஊரின் பெயரிலிருந்து வந்ததுதான்.

என் நண்பர் சொன்ன 'அங்க உட்கார முடியல' என்பதையும் அந்தக் காலத்தவர்கள் கவனித்திருக்கிறார்கள். மனிதன் மதுக்கடைக்குப் போவது மதுவுக்காக மட்டுமல்ல. வெளிச்சம், கதகதப்பு, பேச்சுத்துணை எல்லாம் அங்கே கிடைத்தன. 1870-களில் லிவர்பூல் போன்ற துறைமுக நகரங்களில் 'கொக்கோ ரூம்' என்று கடைகள் திறந்தார்கள். கப்பல்துறைத் தொழிலாளி ஒரு கோப்பை கொக்கோ வாங்கிக்கொண்டு கௌரவமாக உட்காரலாம். 'குடிக்காதே' என்று சொல்வதோடு நிற்காமல், உட்கார ஒரு பெஞ்சும் போட்டுக் கொடுத்தார்கள். இந்தச் செய்தி எனக்கு மிகவும் பிடித்தது.

இந்தக் கதையில் ஒரு கறையும் உண்டு. கேட்பரி வாங்கிய கொக்கோவில் பெரும்பங்கு போர்த்துகீசியர்களின் சாவ் டோமே தீவிலிருந்து வந்தது. அங்கே அங்கோலாவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்கள் பேருக்கு ஒப்பந்தக் கூலிகள், நடைமுறையில் அடிமைகள். 1901-லேயே விஷயம் நிறுவனத்தின் காதுக்கு வந்தும் கொள்முதலை நிறுத்தியது 1909-ல்தான். இதை எழுதிய பத்திரிகைமீது கேட்பரி மான நஷ்ட வழக்குத் தொடுத்தது. அதே ஆண்டில் தீர்ப்பு கேட்பரிக்குச் சாதகமாக வந்தது. ஆனால் நஷ்ட ஈடு? ஒரு ஃபார்தின், அதாவது கால் பென்னி! பர்மிங்ஹாம் தொழிலாளிக்கு இரங்கிய மனம் கண்ணுக்குத் தெரியாத தீவின் தொழிலாளிக்கு இரங்க எட்டு ஆண்டு எடுத்துக்கொண்டது.

இது சாக்லேட்டின் கதை. ஐஸின் கதை நம் மெரினா கடற்கரையிலேயே இருக்கிறது. பாஸ்டன் நகரத்து ஃப்ரெடரிக் டூடர், குளிர்காலத்தில் உறையும் ஏரிகளிலிருந்து ஐஸை அறுத்து, மரத்தூளில் பொதிந்து கப்பலேற்றியவர். 1833-ல் அவரது கப்பல் 180 டன் ஐஸோடு கல்கத்தாவுக்குப் புறப்பட்டது. நாலு மாதப் பயணத்தில் கரைந்தது போக ஏறக்குறைய 100 டன் வந்து சேர்ந்தது. சென்னையில் அவர் ஐஸை வைக்க 1842-ல் கட்டியதுதான் ஐஸ் ஹவுஸ். வெள்ளைக்காரத் துரைகளின் மதுப்புட்டிகளைக் குளிர்விப்பது அந்த ஐஸின் முக்கிய வேலைகளில் ஒன்று. இயந்திரத்தில் ஐஸ் செய்யும் முறை வந்ததும் அந்த வியாபாரம் படுத்துவிட்டது. கட்டடம் கைமாறி, 1897 பிப்ரவரியில் சுவாமி விவேகானந்தர் அங்கே தங்கினார். இன்று அது விவேகானந்தர் இல்லம். ஒரு கட்டடத்துக்கும் மறுபிறவி உண்டு போலும்.

ஐஸும் சாக்லேட்டும் வீடுதோறும் சேர்ந்தது அமெரிக்காவில். அங்கே 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு. பீர் ஆலைகள் சில ஐஸ்கிரீம் தயாரிப்புக்கு மாறின. மதுக்கடைக்குப் போனவர்கள் சோடா, ஐஸ்கிரீம் கடைகளுக்குப் போனார்கள். 1922-ல் சிகாகோவின் வால்கிரீன்ஸ் கடையில் ஐவர் கூல்சன் என்ற ஊழியர் சாக்லேட் மால்ட் பானத்தில் ஐஸ்கிரீமைப் போட்டு அடித்துக் கொடுத்தார். கூட்டம் அலைமோதியது. அதே 1922-ல் ரசீன் என்ற ஊரில் ஸ்டீபன் போப்லாவ்ஸ்கி, பாத்திரத்தின் அடியில் பிளேடு சுழலும் கருவியை உருவாக்கினார். நம் வீட்டு மிக்ஸி அதற்குப் பங்காளி முறை. இந்த ரசீன்தான் ஹார்லிக்ஸ் பிறந்த ஊரும்!

நம் பக்கத்தில் ராஜாஜி 1937 அக்டோபரில் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். கடையை மூடினால் மட்டும் போதாது, மாலைப்பொழுதை எதைக் கொண்டாவது நிரப்ப வேண்டும் என்பது அங்கேயும் உணரப்பட்டது. பஜனை, விளையாட்டு என்று முயற்சிகள் நடந்தன. சட்டத்தின் வெற்றி தோல்வியைப் பற்றி ஆளுக்கொரு கருத்து இருக்கும். அந்த மாலைப்பொழுதின் கஷ்டம் மட்டும் இன்றும் மாறவில்லை.

இனி செய்முறை. நாலு டம்ளருக்கு அரை லிட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாகப் பால் காய்ச்சிக்கொள்ளுங்கள். நாலு ஸ்பூன் கொக்கோ பவுடர், எட்டு ஸ்பூன் சர்க்கரை, ஒரு சிட்டிகை உப்பு. பவுடரைக் குளிர்ந்த பாலில் போட்டால் கட்டி கட்டியாக மிதக்கும். முதலில் கொஞ்சம் சூடான பாலில் குழம்பாகக் குழைத்து, பிறகு மீதிப் பாலைச் சேருங்கள். நாக்கு குளிர்ந்தால் இனிப்பு மந்தமாகத் தெரியும். ஆகவே சூடாகக் குடிக்கும்போது ஒரு துளி தூக்கலாக இருக்கட்டும். சர்க்கரை வியாதிக்காரர்கள் பாதி டம்ளரோடு நிறுத்திக்கொள்ளுங்கள், சர்க்கரையைக் குறைத்தாலும் பாதகமில்லை.

ஆறியதும் பாதியை ஐஸ் டிரேயில் ஊற்றி ஃப்ரீசரில் இரவு முழுக்க வையுங்கள். மறுபாதி ஃப்ரிட்ஜில் இருக்கட்டும். வெறும் தண்ணீர் ஐஸைப் போட்டால் கரையக் கரையப் பானம் நீர்த்துவிடும். பானமே ஐஸானால் கடைசி மடக்குவரை ஒரே சுவை. மறுநாள் இரண்டையும் மிக்ஸியில் விட்டு விட்டு ஓட்டுங்கள். மணல் மணலாக நுரைத்து வரும்போது நிறுத்தி உடனே பரிமாறிவிட வேண்டும்.

கூட்டத்தன்று முதல் டம்ளரை அந்த நண்பரிடம் நீட்டினேன். வீட்டில் இருப்பதிலேயே நல்ல கண்ணாடி டம்ளர். சுற்றிப் பார்த்துவிட்டு ஒரு வாய் குடித்தார். "என்ன சார் இது, சின்னப் பசங்க சமாச்சாரம்" என்று சிரித்தார். கொஞ்ச நேரத்தில் மற்றொருவர், "எனக்கு அது இல்லையா?" என்று கேட்க, பேத்தி மறுபடி மிக்ஸியைப் போட்டாள்.

நண்பர் அன்று கிளம்பும்போது மணி பத்து. படியில் இறங்கும்போது, "பதினாலு மாசம் ஆச்சு சார்" என்றார்.