ஒரே முகவரியில் 56 வருடங்கள்

அமெரிக்கன் ஃபுட்போலில் (பேர்தான் ஃபுட்போல், எங்கட கண்ணுக்கு அது றக்பிக்குச் சொந்தக்காரன்) ஒரு பயிற்றுவிப்பாளரின் தொழில் வாழ்க்கை பெரும்பாலும் ஏணி மாதிரி. முதலில் உதவியாளர், பிறகு சின்னப் பல்கலைக்கழகம், பிறகு பெரியது. சிலருக்கு அதற்கும் மேலே என்.எஃப்.எல். எண்ட தொழில்முறை லீக். புகழ்பெற்ற பியர் பிரையன்டைப் பாருங்கோ. மேரிலாண்ட், கென்டக்கி, டெக்சஸ் ஏ அண்ட் எம், 1958 இலிருந்து அலபாமா. நாலு பல்கலைக்கழகம், 323 வெற்றி.

1985 ஒக்டோபரில் அந்த எண்ணிக்கையைத் தாண்டியவர் எடி ராபின்சன். அவருடைய ஏணியில் ஒரே ஒரு படிதான் இருந்தது.

ராபின்சன் 1919 இல் லூசியானாவில் பிறந்தவர். தகப்பன் மற்றவரின் காணியில் பங்குக்குப் பயிர் செய்தவர், தாய் வீட்டுவேலைக்குப் போனவர். கல்லூரி முடித்தும் பயிற்றுவிப்பாளர் வேலை கிடைக்கவில்லை. கால்நடைத் தீவன ஆலையில மணித்தியாலத்துக்கு 25 சதத்துக்கு நின்றார். 1941 இல், பின்னாளில் கிராம்ப்ளிங் எண்டு பெயர் மாறிய சிறிய கறுப்பினக் கல்லூரி அவரைக் கூப்பிட்டது. வயது 22.

பதவிப் பெயர் பயிற்றுவிப்பாளர்தான். ஆனால் மைதானப் புல் வெட்டினதும், கோடு போட்டதும், வீரர்களின் கணுக்காலுக்குக் கட்டுப் போட்டதும், பத்திரிகைக்குச் செய்தி எழுதினதும் அவரே. பயணங்களில் வழியோர உணவகங்கள் கறுப்பினத்தவருக்குச் சாப்பாடு குடுக்காது. அதனால சான்ட்விச் கட்டினதும் அவர்தான். முதல் பருவத்தில் தோல்விதான் கூட. அடுத்த வருடம் ஒன்பது ஆட்டம், ஒன்பதும் வெற்றி. எதிரணிகள் ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை.

1949 இல் அவருடைய மாணவர் டாங்க் யங்கர், கறுப்பினக் கல்லூரி ஒன்றிலிருந்து என்.எஃப்.எல்.லுக்குப் போன முதல் வீரர் ஆனார். அவருக்குப் பின்னால 200க்கும் மேற்பட்டவர்கள் கிராம்ப்ளிங்கிலிருந்து போனார்கள். அவர்களை உருவாக்கினவருக்கு மட்டும் அங்கே அணி கிடைக்கவில்லை. 1921 இல் ஃப்ரிட்ஸ் பொலார்ட் எண்ட கறுப்பினத்தவர் அக்ரன் அணியை வழிநடத்தியிருந்தார். 1920களுக்குப் பிறகு 1989 இல் ஆர்ட் ஷெல் வரும் வரைக்கும் அந்த லீக்கில் கறுப்பினத் தலைமைப் பயிற்றுவிப்பாளர் ஒருவரும் இல்லை. அப்ப ராபின்சனுக்கு வயது 70.

இதை "விசுவாசம்" எண்டு பாராட்டி எழுதுகிறவர்கள் கனபேர். எங்களுக்கு அந்தச் சொல்லில் சந்தேகம் இருக்கு. கதவு திறந்திருந்தும் போகாமல் நிற்பதுதானே விசுவாசம்? ஆனால் அவரை வெறும் பாதிக்கப்பட்டவராக ஆக்கவும் மனம் வரவில்லை. அவர் கிராம்ப்ளிங்கை நேசித்தார். அமெரிக்கா உழைப்பை மதிக்கும் நாடு எண்டு கடைசிவரை மாணவர்களுக்குச் சொன்னார். எங்கட தலைமுறைக்கு இது எரிச்சல் தரும், தந்தது.

இன்னொரு முரண் இருக்கு. 1970 இல் தென் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சாம் கனிங்ஹாம் எண்ட கறுப்பின வீரர் பேர்மிங்ஹாமில் ஓடி ஓடி அலபாமாவைத் தோற்கடித்தார். அந்தக் காலத்தில் தெற்கின் வெள்ளைப் பல்கலைக்கழகங்கள் கறுப்பின வீரர்களுக்குக் கதவு திறக்கத் தொடங்கியிருந்தன. அது நீதிதான். ஆனால் கிராம்ப்ளிங் போன்ற கல்லூரிகளுக்கு வந்துகொண்டிருந்த திறமைசாலிகள் அங்கே போனார்கள். அவர்களை வளர்க்கத் தெரிந்த பயிற்றுவிப்பாளர்களை அந்தப் பல்கலைக்கழகங்கள் கூப்பிடவில்லை. ஒருங்கிணைப்பு வீரர்களுக்குத்தான் நடந்தது.

1997 இல் ராபின்சன் ஓய்வுபெற்றார். 408 வெற்றி, 165 தோல்வி. கடைசி மூன்று பருவமும் தோல்விதான் கூட.

அவருடைய இடத்துக்கு வந்தவர் அவருடைய பழைய மாணவர் டக் வில்லியம்ஸ். 1988 ஜனவரியில் சூப்பர் போல் இறுதியாட்டத்தில் வொஷிங்டன் அணியை வெல்லவைத்து, ஆட்ட நாயகன் ஆன முதல் கறுப்பினக் குவாட்டர்பேக். பத்து வருடத்துக்குப் பிறகு அவர் பயிற்றுவிக்க வந்ததும் கிராம்ப்ளிங்குக்குத்தான்.