தண்டுவடக் காயமும் வேலூர் வழியும்

திருவண்ணாமலையும் வேலூரும் 1989 வரை வடஆற்காடு என்னும் ஒரே மாவட்டத்தில் இருந்தன. அந்த வேலூரின் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர் மேரி வர்கீஸ், 1954இல் கார் விபத்தில் தண்டுவடம் அடிபட்டுக் கால்கள் செயலிழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். பின்னர் நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் பயின்றார். அவர் முயற்சியால் 1966இல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் எழுந்தது.

அதன் தேவை என்ன? மூளையின் கட்டுப்பாடு அறுந்ததும் தண்டுவடத்தின் அனிச்சைச் செயல் ஓங்குகிறது. கால் தசைகள் தாமே விறைத்து இழுக்கின்றன. வேலையற்ற தசை மெலிகிறது, இரத்தச் சர்க்கரை செலவாகும் இடம் சுருங்குகிறது, கொழுப்பு சேர்கிறது, நீரிழிவு நெருங்குகிறது. மிதமான விறைப்போ தசை மெலிவை ஓரளவு தடுக்கக்கூடும். எனவே விறைப்பை அளவறிந்து அடக்குவதும், கைப்பயிற்சியும், உணவுக் கட்டுப்பாடும் வாழ்நாள் முழுதும் வேண்டும்.

1986இல் மறைந்த அவர் பெயரையே அந்நிலையம் இன்று தாங்கி நிற்கிறது.