ஏ. ஹைடெல் பெயரில் ஒரு பார்சல்

இத்தாலியில் ரோமுக்கு வடக்கே டெர்னி என்றொரு தொழில் நகரம். அங்கிருந்த ராணுவ ஆயுதத் தொழிற்சாலையில் 1940இல் ஒரு ரைஃபிள் தயாரானது. கார்கானோ 91/38 ரகம். 6.5 மில்லிமீட்டர் தோட்டா. ஒவ்வொரு முறை சுட்ட பிறகும் போல்ட்டைக் கையால் இழுத்துத் தள்ள வேண்டும். இரும்பில் ஒரு கிரீடம், ஊர்ப் பெயர், ஆண்டு, கூடவே சி2766 என்று ஓர் எண். முசோலினியின் படைக்காகச் செய்த சரக்கு. போரில் இத்தாலி தோற்றது. பழைய ஆயுதங்கள் வந்த விலைக்குப் போயின. அவற்றை வாங்க ஆள் இருந்த நாடு அமெரிக்கா.

நியூயார்க்கின் கிரசண்ட் ஃபயர்ஆர்ம்ஸ் வழியாக, 1963 பிப்ரவரியில் சி2766 சிகாகோவின் க்ளைன்ஸ் என்ற விளையாட்டுச் சாமான் கடைக்கு வந்தது. அங்கே அதன்மேல் ஜப்பானில் செய்த ஒரு தொலைநோக்கி ஏறியது. போரில் தோற்ற இரண்டு நாடுகளின் சரக்கு, ஜெயித்த நாட்டின் கடையில் ஒன்றாகிவிட்டது. வெறும் துப்பாக்கி 12 டாலர் 88 சென்ட், தொலைநோக்கியோடு 19.95. நேஷனல் ரைஃபிள் அசோசியேஷன் நடத்தும் பத்திரிகையில் கடை விளம்பரம் கொடுத்திருந்தது. மூலையில் கூப்பன். வெட்டி, பெயர் எழுதி, பணம் வைத்து அனுப்பினால் சாமான் வீடு தேடி வரும்.

மார்ச் மாதம் டல்லாஸிலிருந்து ஒரு கூப்பன் வந்தது. அனுப்பியவர் ஏ. ஹைடெல், முகவரி ஒரு தபால் பெட்டி எண். தபால் செலவு ஒன்றரை டாலர் சேர்த்து 21.45க்கு மணியார்டர். வயது என்ன, எதற்கு வேண்டும், ஹைடெல் என்று ஒருவர் இருக்கிறாரா என்று யாரும் கேட்கவில்லை. கேட்கச் சொல்லிச் சட்டமும் இல்லை. மார்ச் 20ஆம் தேதி பார்சல் கிளம்பியது. வாங்கியவர் லீ ஹார்வி ஆஸ்வால்ட்.

ஏப்ரல் 10 இரவு அதே துப்பாக்கியால் எட்வின் வாக்கர் என்ற முன்னாள் ஜெனரலை அவர் வீட்டு ஜன்னல் வழியாகச் சுட்டார். குண்டு சட்டத்தில் பட்டுத் தப்பியது. பிறகு துப்பாக்கி நியூ ஆர்லியன்ஸ் போய், செப்டம்பரில் டல்லாஸை ஒட்டிய இர்விங்குக்கு வந்தது. ஆஸ்வால்டின் மனைவி மரீனாவுக்குத் தங்க இடம் கொடுத்த ரூத் பெயின் தன் காரில் ஏற்றிவந்த தட்டுமுட்டுச் சாமான்களுக்குள் அதுவும் இருந்தது. ரூத்துக்கு அது தெரியாது. அவர் குவேக்கர் சபைக்காரர், ஆயுதமே ஆகாது என்பவர்.

நான் குடியிருப்பது இந்த இர்விங்கில்தான். நம்மவர்கள் நிறைந்த ஊர். ஜெஃபர்சன் பூங்காவில் 2014இல் காந்திக்கு வெண்கலச் சிலை வைத்தார்கள். காந்தியைச் சுட்ட பெரெட்டா கைத்துப்பாக்கியும் இத்தாலிய ராணுவத்துக்காகச் செய்த ரகம்தான். ரூத்தின் வீட்டை நகராட்சியே வாங்கி அருங்காட்சியகமாக்கியிருக்கிறது. ஊரிலிருந்து வரும் விருந்தாளிகளைக் கூட்டிக்கொண்டு போவேன். அவர்கள் எதிர்பார்ப்பது ஏதோ மர்ம மாளிகை. இருப்பது தாழ்ந்த கூரை போட்ட ஒரு சாதாரண நடுத்தர வர்க்க வீடும் அதன் கராஜும். அந்தக் கராஜின் தரையில் ஒரு போர்வைச் சுருளாகத்தான் சி2766 கிடந்தது. ரூத்தின் கணவர் அதைக் கையால் நகர்த்தியிருக்கிறார், முகாம் சாமான் என்று நினைத்து.

நவம்பர் 22 காலை, உடன் வேலை பார்த்தவரின் காரில் ஆஸ்வால்ட் பழுப்புக் காகிதப் பொட்டலம் ஒன்றோடு ஏறினார். என்ன அது என்றதற்குத் திரைச்சீலைக் கம்பிகள் என்றார். மதியம் டல்லாஸில் ஜனாதிபதி ஜான் கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டார். ஆஸ்வால்ட் பிடிபட்டார். பிற்பகல் போலீஸ் ரூத்தின் கராஜுக்கு வந்து நின்றது. கணவனிடம் துப்பாக்கி உண்டா என்று கேட்டார்கள். மரீனா ரஷ்ய மொழியில் பதில் சொல்ல, ரூத் மொழிபெயர்த்தார். போர்வையைக் காட்டினார்கள். போலீஸ்காரர் தூக்கினார். அது அவர் கைமேல் துவண்டு இரண்டாகத் தொங்கியது.

அதற்குள் டல்லாஸில் ஆஸ்வால்ட் வேலை பார்த்த பாடநூல் கிடங்கின் ஆறாவது மாடியில் அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே துப்பாக்கி அகப்பட்டிருந்தது. முதலில் பார்த்தவர்கள் ஜெர்மன் மவுசர் என்று நினைத்துவிட்டார்கள். அந்த ஒரு வார்த்தையை வைத்து இன்றுவரை சதிக் கதை எழுதிப் பிழைப்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அந்தக் கதைகளைவிட அன்றிரவு சிகாகோவில் நடந்ததுதான் பெரிதாகப் படுகிறது. எண்ணைப் பிடித்துக்கொண்டு எஃப்.பி.ஐ. இறக்குமதியாளரைக் கேட்டது, அவர் க்ளைன்ஸைக் கைகாட்டினார். கடைக்காரர்கள் ராத்திரியெல்லாம் உட்கார்ந்து மைக்ரோஃபிலிம் சுருள்களை ஓட்டினார்கள். விடிகாலை நான்கு மணி வாக்கில் ஹைடெல்லின் கூப்பன் கிடைத்தது. ஆஸ்வால்டின் பர்ஸில் அதே பெயரில் ஒரு போலி அடையாள அட்டை. கையெழுத்தும் ஒத்துப்போனது.

ஆஸ்வால்ட் இரண்டு நாளில் செத்துப்போனதால், வழக்கு துப்பாக்கியின் மேலேயே வந்தது. கேலி இல்லை. அமெரிக்க அரசு வாதி, 6.5 மில்லிமீட்டர் ரைஃபிள் ஒன்று பிரதிவாதி. அதை மரீனாவிடமிருந்து டென்வர் எண்ணெய் வியாபாரி ஒருவர் முன்பணம் கொடுத்து வாங்கியிருந்தார். அரசு விட மறுத்தது. அதைப் பறிமுதல் செய்ய அரசுக்குக் கிடைத்த குற்றம், பொய்ப் பெயர் கொடுத்துக் கடைக்காரரின் கணக்கேட்டில் தவறான பதிவு ஏற வைத்தது. மேல்முறையீட்டில் அதுவும் நிற்கவில்லை. கடைசியில் 1965இல் இதற்கென்றே போட்டிருந்த தனிச் சட்டத்தின் பலத்தில்தான் துப்பாக்கி அரசின் சொத்தானது. இப்போது மேரிலாந்தில், காலேஜ் பார்க் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது.

தபாலில் துப்பாக்கி விற்பதைக் கட்டுப்படுத்த செனட்டர் தாமஸ் டாட் கொலைக்கு முன்பே மசோதா போட்டிருந்தார். அதில் கைத்துப்பாக்கி மட்டும் இருந்தது. பிறகு ரைஃபிளையும் சேர்த்தார். நிறைவேற ஐந்து வருஷம் பிடித்தது. 1968 ஏப்ரலில் மார்ட்டின் லூதர் கிங், ஜூனில் ராபர்ட் கென்னடி என்று இன்னும் இரண்டு உயிர்கள் போக வேண்டியிருந்தது. அக்டோபர் 22 அன்று ஜனாதிபதி ஜான்சன் கையெழுத்திட்டார். தபால் விற்பனை நின்றது. புதிதாகச் செய்யும் ஒவ்வொரு துப்பாக்கிக்கும் எண் கட்டாயமானது. வாங்குபவர் கடையில் படிவம் நிரப்ப வேண்டும். ஜான்சன் கேட்ட இன்னொன்று, யாரிடம் எந்தத் துப்பாக்கி இருக்கிறது என்ற நாடு தழுவிய பதிவேடு. அது கிடைக்கவில்லை. 1986இல் வந்த சட்டம், மத்திய அரசு அப்படி ஒரு பதிவேட்டை உண்டாக்கவே கூடாது என்று அடைத்துவிட்டது.

ஆகவே எண் உண்டு, எண்களைச் சேர்த்து வைக்கும் புத்தகம் கிடையாது. மேற்கு வர்ஜீனியாவின் மார்ட்டின்ஸ்பர்க்கில் இருக்கும், துப்பாக்கியின் உரிமையாளரைத் தேடித் தரும் மத்திய அரசு மையத்துக்கு ஆண்டுக்கு 6 லட்சத்துக்கும் மேல் விசாரணைகள் வருகின்றன. இன்றும் தயாரிப்பாளரைக் கேட்டு, மொத்த வியாபாரியைக் கேட்டு, கடைக்காரரைக் கேட்டுத்தான் போகிறார்கள். மூடிய கடைகளின் ஏடுகள் அட்டைப் பெட்டிகளில் அங்கே வந்து குவியும். அவற்றைப் படமெடுத்து வைக்கலாம், ஆனால் பெயரைத் தட்டினால் வந்து நிற்கும்படி வைக்கக் கூடாது. பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டும். 2024 ஜூலையில் பென்சில்வேனியாவில் ட்ரம்பைச் சுட்டவனின் துப்பாக்கிக்கு அரை மணி நேரத்தில் உரிமையாளரைக் கண்டுபிடித்தார்கள். விற்ற கடை மூடிப்போய், அதன் ஏடுகள் ஏற்கெனவே மார்ட்டின்ஸ்பர்க்கில் இருந்தது அதிர்ஷ்டம்.

நம் ஊரில் துப்பாக்கி என்றாலே கலெக்டர் ஆபீஸ் ஞாபகம் வரும். லைசென்ஸ் வைத்திருப்பவர்கூடத் தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் கொண்டுபோய் ஒப்படைக்க வேண்டும். அப்படி வளர்ந்தவனுக்கு டெக்சாஸ் பிடிபட நாளாகும். இங்கே கடைக் கதவுகளில் 30.06, 30.07 என்று அங்குல உயர எழுத்தில், ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும் பலகை தொங்கும். இடுப்பில் மறைத்த துப்பாக்கியோடு வராதே, தெரியும்படி மாட்டிக்கொண்டும் வராதே என்று அர்த்தம். எச்1பி விசாக்காரர் பொதுவாகத் துப்பாக்கி வாங்க முடியாது. ஆனால் வேட்டை லைசென்ஸ் ஒன்று எடுத்துவிட்டால் வாங்கலாம். சட்டத்திலேயே இருக்கிற விலக்கு இது.

பதிவேடு வந்தால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று நான் நம்பவில்லை. 2021இல் இந்நாட்டில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர். பாதிக்கும் மேல் தற்கொலை. யாருடைய துப்பாக்கி என்று அங்கே தேடிப் போக வேண்டியதில்லை. பெரும்பாலும் அந்த வீட்டுடையதுதான். ஆனாலும், காருக்குப் பதிவு கேட்டால் முணுமுணுக்காமல் கட்டும் மனிதர்கள் இதற்கு மட்டும் ஏன் எகிறுகிறார்கள் என்று என் பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் கேட்டிருக்கிறேன். நல்ல மனிதர், நாங்கள் ஊருக்குப் போனால் செடிக்குத் தண்ணீர் விடுபவர். "பட்டியல் போடுபவன் ஒரு நாள் பட்டியலோடு வாசலுக்கு வருவான்" என்றார். அவரிடம் வேட்டைத் துப்பாக்கிகள் நான்கைந்து உண்டு.

போன வருஷம் அதில் ஒன்றை ஓர் ஆளுக்கு விற்றார். இரண்டு பேரும் டெக்சாஸ்காரர்கள், வியாபாரிகள் இல்லை. ஆகவே படிவமும் இல்லை, விசாரணையும் இல்லை. பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டு சரக்கைக் கொடுத்தார். கொடுப்பதற்கு முன் அந்த ஆளின் ஓட்டுநர் உரிமத்தைப் போனில் படம் பிடித்துக்கொண்டார். துப்பாக்கியின் எண்ணையும் தேதியையும் ஒரு நோட்டில் எழுதி, கீழே கையெழுத்து வாங்கினார். எதற்கு என்றேன். நாளைக்கு ஏதாவது ஆகிப் போலீஸ் என்னிடம் வந்தால், நான் விற்றுவிட்டேன் என்று காட்ட வேண்டாமா என்றார். அந்த நோட்டில் 1990களிலிருந்து அவர் வாங்கியது, விற்றது எல்லாம் வரிசையாக இருந்தன.