குண்டலினியும் ஆறு ஆதாரங்களும்: ஒரு வரலாற்று நோக்கு

யோகப் பயிற்சிக்குச் செல்வோர் இன்று நம் சபைகளிலும் உளர். குண்டலினி என்பது யாது, சக்கரங்கள் என்பவை யாவை என்று அவர்கள் தம் போதகரிடம் வினவுகின்றனர். இதற்கு இருவகை விடைகள் விரைந்து தரப்படுகின்றன. இது பாம்பு வழிபாடு, அணுகாதே என்பது ஒன்று. இது ஆயிரமாயிரம் ஆண்டுகளாக மாறாது வந்த அறிவியல், சமயத்திற்கும் இதற்கும் தொடர்பில்லை என்பது மற்றொன்று. இவ்விரு விடைகளும் ஒரே குறையை உடையன. குண்டலினிக்கு ஒரு வரலாறு உண்டு என்பதை இரண்டுமே மறந்துவிடுகின்றன. அவ்வரலாற்றைச் சுருக்கமாகக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. தொடக்க நிலை

உடலுக்குள் நுண்ணிய நாடிகள் ஓடுகின்றன என்னும் எண்ணம் மிகப் பழமையானது. இதயத்திலிருந்து நூற்றொரு நாடிகள் புறப்படுகின்றன என்றும், அவற்றுள் ஒன்று உச்சந்தலையை நோக்கிச் செல்கிறது என்றும், அதன் வழியே மேலேறுபவன் சாவாமை எய்துகிறான் என்றும் சாந்தோக்கிய உபநிடதமும் கட உபநிடதமும் கூறுகின்றன. ஆயினும் இவற்றில் சக்கரங்களின் வரிசையோ, குண்டலினி என்னும் சொல்லோ இல்லை. பதஞ்சலியின் யோக சூத்திரத்திலும் நாபிச் சக்கரம் என ஒன்று மட்டும் ஓரிடத்தில் சுட்டப்படுகிறது. குண்டலினி அங்கும் பேசப்படவில்லை. எனவே யோகம் எனப்படும் அனைத்தும் குண்டலினி யோகமே என்று கொள்வது வரலாற்றுக்குப் பொருந்தாது.

குண்டலினிக் கொள்கை வளர்ந்த இடம் சைவ, சாக்தத் தந்திர நூல்களாகும். குண்டலம் என்பது வளையம். குண்டலினி என்றால் வளைந்து சுருண்டிருப்பவள் என்று பொருள். உலகைப் படைத்த சக்தி, படைப்பு முடிந்தபின் மனித உடலின் அடியில் சுருண்டு உறங்குகிறாள் என்பதே அக்கொள்கையின் கரு. உறங்கும் பாம்பு என்னும் உவமை இச்சுருளிலிருந்து பிறந்ததாகும். ஆதியாகமத்தின் சர்ப்பத்தை நினைவிற் கொண்டு இதனைப் படிப்பவர், நூலாசிரியர் கருதாத பொருளை அதில் ஏற்றிவிடுவர்.

2. ஒன்றல்ல, பல வரிசைகள்

சக்கரங்கள் ஏழு என்பது இன்று பலரும் ஐயமின்றி நம்பும் செய்தி. தந்திர நூல்களிலோ அத்தகைய ஒருமைப்பாடு இல்லை. காசுமீரத்தில் போற்றப்பட்ட நேத்திர தந்திரம் ஆறு சக்கரங்களைக் கூறினும், அவற்றின் பெயர்கள் இன்று வழங்கும் பெயர்கள் அல்ல. மச்சேந்திரநாதர் பெயரால் வழங்கும் கௌலஞான நிர்ணயம் வேறு வரிசைகளைத் தருகிறது. மூலாதாரம், சுவாதிட்டானம், மணிபூரகம், அநாகதம், விசுத்தி, ஆக்ஞை என நாம் அறிந்த வரிசை, கிறிஸ்துவுக்குப்பின் ஏறத்தாழ 10-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த குப்ஜிகாமத தந்திரத்தில் தெளிவாகக் காணப்படுகிறது. இது நேபாளத்துச் சுவடிகளால் நமக்குக் கிடைத்துள்ள நூலாகும். பல குருமரபுகளுள் ஒன்றன் வரிசையாக இருந்ததே பின்னர்ப் பொது வரிசையாக நிலைபெற்றது.

இவ்வேறுபாட்டிற்குக் காரணம் என்ன? தந்திர ஆசிரியர்கள் உடலை அறுத்துப் பார்த்து இவற்றை எழுதினவர்கள் அல்லர். எந்த இடத்தில் எந்தத் தெய்வத்தை, எந்த எழுத்தை, எந்தப் பூதத்தை நிறுத்தித் தியானிக்க வேண்டும் என்று தம் மாணாக்கருக்கு வழி வகுத்தனர். தெய்வங்களின் தொகை மாறியபோது சக்கரங்களின் தொகையும் மாறியது. ஆலயத்தில் இறையுருவை நிறுவுவது போல, உடலில் தெய்வங்களை மனத்தால் நிறுவும் வழிபாட்டுத் திட்டமே சக்கர வரிசை எனலாம்.

3. பூர்ணானந்தரின் நூல்

வங்காளத்துச் சாக்தராகிய பூர்ணானந்தர் 1577-இல் இயற்றிய ஸ்ரீதத்துவ சிந்தாமணியின் ஆறாம் பகுதியே சட்சக்கர நிரூபணம். இன்றைய உலகம் அறிந்த சக்கரக் கொள்கை பெரும்பாலும் இந்நூலின் வழி வந்ததாகும். ஆகவே இதன் அமைப்பைச் சற்று விரிவாக நோக்குவோம்.

முதுகந்தண்டின் நடுவே சுழுமுனை நாடி செல்கிறது. அதன் இருபுறமும் இடகலையும் பிங்கலையும் உள்ளன. சுழுமுனையில் ஆறு தாமரைகள் கோக்கப்பட்டுள்ளன. கீழிருந்து மேலாக அவற்றின் இதழ்கள் முறையே 4, 6, 10, 12, 16, 2 ஆகும். இவற்றைக் கூட்டினால் 50 வரும். வடமொழி எழுத்துகளையும் தந்திர மரபு 50 என எண்ணுகிறது. ஒவ்வோர் இதழிலும் ஓர் எழுத்து நிற்கிறது. சொல்லால் உலகம் தோன்றியது. சொல்லின் கூறுகள் அனைத்தும் மனித உடலில் உள்ளன. ஆகவே உடலே மந்திரம் என்பது இதன் உட்கருத்து. முதல் ஐந்து தாமரைகளும் முறையே நிலம், நீர், தீ, வளி, வெளி என்னும் ஐம்பூதங்களுக்கு உரியன. ஆறாவது மனத்திற்கு உரியது.

மூலாதாரத்தில் மூன்றரைச் சுற்றாகச் சுருண்டிருக்கும் குண்டலினியை, யோகி மூச்சடக்கத்தாலும் மந்திரத்தாலும் எழுப்புகிறான். அவள் ஏற ஏற நிலம் நீரிலும், நீர் தீயிலும், தீ வளியிலும், வளி வெளியிலும் ஒடுங்குகின்றன. படைப்பு எவ்வரிசையில் விரிந்ததோ அதற்கு எதிர்வரிசையில் சுருங்குகிறது. உச்சியிலுள்ள ஆயிரம் இதழ்த் தாமரையில் சக்தி சிவத்தோடு கூடுகிறாள், அமுதம் பொழிகிறது, பின்னர் அவள் வந்த வழியே இறங்கி மூலாதாரம் சேர்கிறாள். இதனை உடற்பயிற்சி என்று மட்டும் கூறுவது பொருந்தாது. படைப்பு, ஒடுக்கம், வீடுபேறு ஆகியவற்றைப் பற்றிய ஒரு முழு இறைக்கொள்கை இதில் அடங்கியுள்ளது.

4. தமிழகத்தில்

தமிழ் மரபு உடலிலுள்ள இவ்விடங்களைப் பெரும்பாலும் ஆதாரங்கள் என்றே வழங்கியது. திருமூலரின் திருமந்திரத்தில் யோகம் மூன்றாம் தந்திரத்தில் விளக்கப்படுகிறது. நான்காம் தந்திரத்தில் வரும் திருவம்பலச் சக்கரம், நவாக்கரி சக்கரம் முதலியன வரைந்து வழிபடும் எந்திரங்களாகும். சக்கரம் என்னும் சொல்லைக் கண்டவுடன் இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதிவிடலாகாது. ஔவையார் பெயரால் வழங்கும் விநாயகர் அகவலிலும் குண்டலினி யோகம் இடம்பெறுகிறது. யோகிகளின் மறைபொருள் இல்லங்களில் பாடப்படும் துதியிலும் கலந்துவிட்டது என்பதற்கு இது சான்று. நம் காலத்தில் வேதாத்திரி மகரிஷி (1911-2006) இல்லறத்தாரும் பயிலத்தக்க எளிய முறைக் குண்டலினி யோகத்தைத் தமிழகமெங்கும் பரப்பினார்.

இறையியல் மாணவர் சிறப்பாகக் கருத வேண்டியது ஒன்று உண்டு. அபினவகுப்தர் முதலிய காசுமீர சைவர்களுக்குக் குண்டலினி என்பது சிவனின் அறிவுருவான சக்தியே. அவளுக்கும் சிவனுக்கும் வேற்றுமை இல்லை. சைவ சித்தாந்தத்திலோ குண்டலினி, குடிலை, விந்து என்பன சுத்தமாயையின் பெயர்களாக வழங்குகின்றன. சுத்தமாயை தூயதாயினும் சடப்பொருள், இறைவனுடைய சக்தியால் தொழிற்படுவது, இறைவன் அன்று. அதினின்றே நால்வகை வாக்குகள் பிறக்கின்றன என்று சிவஞான சித்தியார் முதலிய நூல்கள் கூறும். ஒரே சொல் ஓரிடத்தில் இறைமையையும் மற்றோரிடத்தில் படைக்கப் பயன்படும் பொருளையும் குறிக்கிறது. ஆன்மா சிவமே என்பாருக்கும், ஆன்மா வேறு, அருளாலேயே வீடுபேறு என்பாருக்கும் இடையிலுள்ள பெரும் வழக்கு இவ்வொரு சொல்லுக்குள் ஒளிந்துள்ளது. அருளைக் குறித்துப் பேசும் எவரும் இவ்வேறுபாட்டைப் புறக்கணித்தல் தகாது.

5. புதிய காலத்தின் மாற்றங்கள்

19-ஆம் நூற்றாண்டில் மேல்நாட்டு உடற்கூற்றியல் பரவியபோது, சக்கரங்கள் உடலில் மெய்யாகவே உள்ளனவா என்னும் வினா எழுந்தது. பின்னாளில் ஆரிய சமாஜத்தை நிறுவிய தயானந்த சரசுவதி, கங்கையில் மிதந்த ஒரு பிணத்தை அறுத்து, நூல்கள் கூறும் சக்கரங்களைத் தேடியதாகவும், காணாமையால் அந்நூல்களைக் கிழித்துப் பிணத்தோடு ஆற்றில் எறிந்ததாகவும் தம் வரலாற்றில் எழுதியுள்ளார். பம்பாயைச் சேர்ந்த மருத்துவர் வசந்த் ரேலே, இதற்கு எதிர்த்திசையில் சென்று, 1927-இல் வெளியிட்ட நூலில் குண்டலினி என்பது வேகஸ் நரம்பே என நிறுவ முயன்றார். ஒருவர் மறுத்தார், மற்றவர் உடன்பட்டார். ஆயினும் வழிபாட்டு நூலை மருத்துவ நூலாகப் படித்ததில் இருவரும் ஒன்றுபட்டனர்.

மேல்நாட்டில் இக்கொள்கையைப் பரப்பியவர் கல்கத்தா உயர்நீதிமன்ற நீதிபதி சர் ஜான் உட்ரஃப். அவர் அடல் பிகாரி கோஷ் என்னும் வங்காள அறிஞரின் துணைகொண்டு, ஆர்தர் அவலோன் என்னும் புனைபெயரில், பூர்ணானந்தரின் நூலை மொழிபெயர்த்துச் சர்ப்ப சக்தி என்னும் பொருள்படும் தலைப்பில் 1919-இல் வெளியிட்டார். திருச்சபையோடு தொடர்புடைய வேறு இருவரும் இவ்வரலாற்றில் இடம்பெறுகின்றனர். ஆங்கிலிக்கன் குருவாயிருந்து பிரம்மஞான சபையில் சேர்ந்து அடையாற்றுக்கு வந்த லெட்பீட்டர், 1927-இல் தம் நூலில், ஞானக்கண்ணால் தாம் கண்டவை எனச் சக்கரங்களை வண்ணப் படங்களோடு விளக்கினார். சுவாதிட்டானத்திற்குப் பதிலாக மண்ணீரலில் ஒரு சக்கரத்தை வைத்தார். பாசல் மிஷன் ஊழியராக மலபாரில் பணியாற்றிப் பின் பேராசிரியரான ஹௌவர், 1932-இல் சூரிச் நகரில் குண்டலினி பற்றி உரையாற்றினார்; அதைத் தொடர்ந்து உளவியலறிஞர் யுங் நான்கு சொற்பொழிவுகளில் சக்கரங்களை மனவளர்ச்சியின் குறியீடுகளாக விளக்கினார். மறு ஆண்டே ஹௌவர், கிறிஸ்தவத்தைக் கைவிட்ட ஜெர்மானிய விசுவாச இயக்கத்தின் தலைவராகி நாசிகளோடு இணைந்தார். பிற சமயத்தைக் கற்பவர் தம் காலத்து ஆசைகளை அதில் ஏற்றிப் பார்க்கும் இடருக்கு அவர் வாழ்வு ஓர் எடுத்துக்காட்டு.

சிவப்பு முதல் ஊதா வரை வானவில்லின் நிறங்களில் வரையப்படும் ஏழு சக்கரங்கள் பழைய நூல்களில் இல்லை. அவை 1970-களில் மேல்நாட்டு நூல்களால் பரவியவை. இன்று மஞ்சளாக வரையப்படும் மணிபூரகத்தின் இதழ்கள் பூர்ணானந்தருக்குக் கார்மேக நிறத்தன. கருநீலமாகக் காட்டப்படும் ஆக்ஞை அவருக்கு வெண்மையானது.

6. முடிவாக

இவ்வரலாற்றிலிருந்து சில தெளிவுகள் பெறுகிறோம். குண்டலினி என்பது ஒரே கொள்கை அன்று. யாருடைய குண்டலினி என்று முதலில் கேட்க வேண்டும். அது நடுநிலையான உடலியலும் அன்று. இறைவன், உலகம், ஆன்மா பற்றிய உறுதியான கோட்பாடுகள் அதன் அடியில் உள்ளன. பயிற்சியில் இடர் உண்டு என்பதும் மறைக்கத்தக்கதன்று. குரு இன்றிப் பயின்று, 1937-இல் குண்டலினி எழுந்தபின் நெடுநாள் உடலும் உள்ளமும் வருந்தியதைக் காசுமீரத்துக் கோபி கிருஷ்ணா தம் நூலில் விரிவாகப் பதிவு செய்துள்ளார்.

அயலானுக்கு விரோதமாகப் பொய்ச்சாட்சி கூறலாகாது என்னும் கட்டளை அயலானின் சமயத்திற்கும் பொருந்தும். சபையார் வினவும்போது அச்சமூட்டும் விடை ஒருவகையிலும், இனிப்பான விடை மற்றொரு வகையிலும் பொய்ச்சாட்சியாகிவிடக் கூடும். ஒரு சைவ அன்பர் நம் விளக்கத்தைக் கேட்டு, ஆம், எங்கள் நூல்கள் கூறுவது இதுவே என்று ஒப்புமளவிற்கு நாம் கற்றிருத்தல் வேண்டும். அதன்பின் நாம் உடன்பட்டாலும் மறுத்தாலும் அம்மொழிக்கு மதிப்பு உண்டு.