குண்டு எட்டும் தூரம்



தஞ்சோங் டாவாய்ப் படகுத்துறையில் நின்று மெர்போக் ஆற்றின் முகத்துவாரத்தைப் பார்த்தால், அக்கரையில் உள்ள பந்தாய் மெர்டேக்கா கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதுபோல் தோன்றும். ஆனால் படகோட்டி அக்கரையைக் குறிவைத்துப் படகை நேராக விடுவதில்லை. நீரோட்டத்தையும் காற்றையும் பார்த்து, படகின் முகத்தைச் சற்று ஒதுக்கியே திருப்புகிறார். நேராகக் குறிவைத்தால் குறி தவறிப் போகும் என்பது அவர் அனுபவத்தில் கற்ற பாடம்.

இதே பாடத்தை வைத்து உலகில் இன்று ஒரு பொழுதுபோக்கே நடந்து வருகிறது. ஒரு மைல், இரண்டு மைல் தொலைவில் இரும்புத் தகடு ஒன்றை நிறுத்தி, அதை ரைபிள் துப்பாக்கியால் சுடுவதுதான் அது. இதற்கும் நமக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்கலாம். இதன் வரலாற்றில் முக்கியமான இரண்டு நிகழ்ச்சிகள் வங்கக் கடலுக்கு அப்பால், தமிழகத்தின் கடலூரில் நடந்தவை. அவற்றை இன்று பார்ப்போம்.

முதல் நிகழ்ச்சி 1690-ஆம் ஆண்டில் நடந்தது. கடலூரை அடுத்த தேவனாம்பட்டினத்தில், கெடிலம் ஆற்றின் அருகே ஒரு கோட்டை இருந்தது. அதை ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியார் செஞ்சியில் இருந்த மராட்டியரிடம் விலைக்கு வாங்கி, செயிண்ட் டேவிட் கோட்டை என்று பெயரிட்டார்கள். கோட்டையோடு எவ்வளவு நிலம் சேரும் என்ற கேள்வி எழுந்தது. கோட்டையிலிருந்து சுடும் பீரங்கிக் குண்டு எவ்வளவு தூரம் போய் விழுகிறதோ அவ்வளவு நிலமும் கம்பெனிக்குச் சொந்தம் என்பது ஒப்பந்தம். நல்ல தொலைவு சுடக்கூடிய பீரங்கியைக் கொண்டுவந்து பல திசைகளிலும் சுட்டார்கள். குண்டு எட்டிய எல்லைக்குள் கடலூர்ப் பட்டினமும் பல சிற்றூர்களும் அடங்கிவிட்டன. அவ்வூர்களுக்குக் 'குண்டு கிராமங்கள்' என்றே பெயர் ஏற்பட்டது.

சற்று எண்ணிப் பாருங்கள். வயலில் நின்ற உழவனை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வானத்தில் ஓர் இரும்புக் குண்டு பறந்தது. அது விழுந்ததும் அவனுடைய ஊருக்கு எசமான் மாறிவிட்டான்.

அந்தக் குண்டு ஏன் அங்கே விழுந்தது, இன்னும் அப்பால் ஏன் போகவில்லை என்பது சுட்டவனுக்கும் தெரியாது. அதைக் கண்டுபிடித்தவர் பெஞ்சமின் ராபின்ஸ் என்னும் ஆங்கிலேயர். இவர் 1707-இல் பாத் நகரில் ஓர் ஏழைத் தையற்காரரின் மகனாகப் பிறந்தார். பல்கலைக்கழகப் படிப்பு இல்லாமல், பெரும்பாலும் தாமே முயன்று கணிதம் கற்றார். இருபது வயதிலேயே ராயல் சொசைட்டி என்னும் அறிஞர் கழகத்தில் உறுப்பினரானார்.

துப்பாக்கி ரவையின் வேகத்தை அளப்பதற்கு ராபின்ஸ் செய்த கருவி மிக எளிமையானது. கனமான மரக்கட்டை ஒன்றை ஊஞ்சல்போல் தொங்கவிட்டார். ரவை அதில் பாய்ந்ததும் கட்டை பின்னால் ஆடும். எவ்வளவு தூரம் ஆடுகிறது என்பதை ஒரு நாடாவினால் அளந்து, ரவையின் வேகத்தைக் கணக்கிட்டார். அது விநாடிக்குச் சுமார் 1,670 அடி என்று தெரிய வந்தது. காற்றே இல்லாவிட்டால் அந்த வேகத்தில் போகும் ரவை 16 மைலுக்கு மேல் போய் விழ வேண்டும். உண்மையில் அது அரை மைல்கூடப் போகவில்லை! மிச்சத் தூரத்தை விழுங்கியது எது? கண்ணுக்குத் தெரியாத காற்றுதான். காற்றின் தடையை அதுவரை பெரும்பாலோர் அற்பமென்று எண்ணியிருந்தார்கள். ராபின்ஸ் 1742-இல் தம் நூலை வெளியிட்டதும் அந்த எண்ணம் மாறியது. 1745-இல் ஆய்லர் என்னும் பெருங்கணித மேதையே அதை ஜெர்மன் மொழியில் விளக்கவுரையோடு வெளியிட்டார்.

ராபின்ஸ் இன்னொன்றையும் விளக்கினார். வழவழப்பான குழாயிலிருந்து வரும் உருண்டை ரவை குழாயின் பக்கத்தில் உராய்ந்து, தாறுமாறாகச் சுழன்று, வழி விலகிப் போகிறது. குழாயின் உட்புறத்தில் திருகுபோல் வளைந்து செல்லும் பள்ளங்களை வெட்டினால் என்ன ஆகும்? பால் மரத்தில் நாம் இழுக்கும் சாய்வான வெட்டை நினைத்துக் கொள்ளுங்கள். அப்படிப்பட்ட கோடு குழாயின் உள்ளே நெடுகச் சுற்றிச் செல்கிறது. அதைப் பற்றிக்கொண்டு வெளிவரும் ரவை பம்பரம்போல் சீராகச் சுழலும். சுழலும் பம்பரம் சாயாமல் நிற்பதுபோல், ரவையும் தன் வழியில் நிற்கும். இந்தப் பள்ளம் கொண்டதே ரைபிள். இதன் பயனை முதலில் முழுவதும் உணரும் நாட்டின் படை மற்றப் படைகளை மிஞ்சிவிடும் என்று அவர் 1747-இல் எழுதினார். நூறு ஆண்டுகளுக்குப் பின் அவ்வாறே நடந்தது.

இப்போது இரண்டாவது நிகழ்ச்சிக்கு வருவோம். பிரெஞ்சுக்காரர்கள் 1746-இல் சென்னைக் கோட்டையைப் பிடித்து, 1749-இல் திருப்பிக் கொடுத்தார்கள். கோட்டைகளைச் சீர்ப்படுத்தக் கம்பெனியார் ராபின்ஸைத் தலைமைப் பொறியாளராக நியமித்தார்கள். 1750-இல் அவர் வந்து இறங்கிய இடம் வேறெதுவுமன்று. குண்டு பறந்து எல்லை வகுத்த அதே செயிண்ட் டேவிட் கோட்டைதான். அந்த மண்ணின் காய்ச்சல் அவரை வாட்டியது. 1751 ஜூலை 29 அன்று, 44 வயதில், அங்கேயே இறந்தார். 1758-இல் பிரெஞ்சுக்காரர்கள் அக்கோட்டையைப் பிடித்து இடித்துவிட்டார்கள்.

போருக்கு வந்த ரைபிள் பின்னர் விளையாட்டுக்கும் வந்தது. 1860-இல் லண்டனை அடுத்த விம்பிள்டனில் நடந்த போட்டியை விக்டோரியா மகாராணி தாமே முதல் குண்டு சுட்டுத் தொடங்கி வைத்தார். 1874-இல் நியூயார்க் அருகே கிரீட்மூரில் அயர்லாந்து அணியும் அமெரிக்க அணியும் 800, 900, 1,000 கெஜத் தொலைவில் மோதின. அயர்லாந்துக்காரர் ஒருவர் குறியின் நடுவே அழகாகச் சுட்டார். ஆனால் அது பக்கத்துக் குறி! அமெரிக்க அணி 934-க்கு 931 என்று மூன்றே புள்ளிகளில் வென்றது.

2022-இல் அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் ஒரு குழுவினர் 4.4 மைல் தொலைவிலிருந்த குறியைச் சுட்டார்கள். ஒன்று, இரண்டு என்று நிதானமாக எண்ணிப் பாருங்கள். நீங்கள் 24 எண்ணி முடிக்கும்வரை அந்தக் குண்டு வானத்திலேயே பறந்துகொண்டிருந்தது. அதற்குள் காற்று அதை ஒதுக்குகிறது. நிலவுலகின் சுழற்சிகூட அதைச் சற்று விலக்குகிறது. இவ்வளவையும் கணக்கிட்ட பிறகும், 69-ஆவது குண்டுதான் குறியில் பட்டது. 68 தவறுகளையும் ஒவ்வொன்றாகக் குறித்துவைத்துத் திருத்தியதே அவர்களுடைய வெற்றி.

நம் நாட்டில் 1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டமும் 1971-ஆம் ஆண்டுக் கடுந்தண்டனைச் சட்டமும் துப்பாக்கியை இறுக்கிப் பிடித்திருக்கின்றன. அது நல்லதே. 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில் முள்கம்பி வேலிக்குள் வாழ்ந்த நம் தோட்டத்துப் பெரியவர்களுக்குத் துப்பாக்கிச் சத்தம் ஒரு விளையாட்டாக இருக்கவில்லை. கடலூரில் குண்டால் நிலம் அளந்த கம்பெனிதான் 1786-இல் பினாங்கிலும், 1800-இல் முடா ஆற்றுக்குத் தெற்கே உள்ள கரையிலும் கால் ஊன்றியது என்பதையும் நாம் மறக்க வேண்டாம்.

ஆகவே துப்பாக்கி நமக்கு வேண்டாம். அதன் கணக்கு நமக்கு வேண்டும். குண்டு கிராமத்து உழவன் இழந்தது நிலத்தை மட்டுமன்று. தன் நிலம் எப்படி அளக்கப்படுகிறது என்பதை அறியும் வாய்ப்பே அவனுக்கு இல்லை. அளக்கத் தெரிந்தவன் எல்லை வகுத்தான். தெரியாதவன் அந்த எல்லைக்குள் அடங்கினான். ஆனால் அந்த அளவையின் இரகசியத்தைக் கண்டவரோ, ஊஞ்சல்போல் ஒரு கட்டையைத் தொங்கவிட்ட தையற்காரரின் மகன். அத்தகைய கட்டையும் கயிறும் நம் லயத்திலும் கிடைக்கும். கணக்குப் புத்தகத்தைப் பிள்ளை ஓரமாகத் தள்ளி வைக்கும்போது, அவனிடம் இந்தக் கதையைச் சொல்லுங்கள்.