வெள்ளோடு: கசிஞ்ச தண்ணியும் வந்த பறவையும்

என்னோட பொழப்பு சாப்ட்வேர். புரோகிராம்ல மெமரி லீக் ஆகுதுன்னா தூக்கத்தைத் தொலைச்சு அதை அடைக்கிறவங்க நாங்க. ஆனா ஒரு லீக்கை அடைக்கக் கூடாதுன்னு எங்க அப்புச்சி ஊர்ல சண்டையே நடந்துச்சு. அந்தக் கதைதாங்க இது.

பூட்டான்ல போப்ஜிகான்னு ஒரு மலைப் பள்ளத்தாக்கு இருக்கு. குளிர் காலத்துல திபெத்துல இருந்து கருங்கழுத்துக் கொக்குகள் அங்க வந்து தங்கும். உருளைக்கிழங்கு போடற விவசாயிங்க ஊருங்க அது. கொக்கு கம்பியில அடிபடக் கூடாதுன்னு கரண்ட் கம்பியைப் பூமிக்கு அடியில கொண்டு போனாங்க. 1998ல இருந்து நவம்பர்ல கொக்குக்கு ஒரு திருவிழாவும் எடுக்கறாங்க. இதைப் படிச்சதும், "அட, நம்ம வெள்ளோட்டுலயும் இதே மாதிரிதானே!"ன்னு தோணுச்சு.

ஈரோட்டுல இருந்து சுமார் 15 கிலோமீட்டர்ல இருக்கு வெள்ளோடு. குளத்தோட பரப்பு 77 ஹெக்டேர். 1996ல பறவைகள் சரணாலயம் ஆச்சு, 2022ல ராம்சர் பட்டியல்ல சேர்ந்துச்சு. குளிருக்கு வடக்க இருந்து ஊசிவால் வாத்தும் நீலச்சிறகியும் இங்க வரும். கூழைக்கடாவையும் சங்குவளை நாரையையும் பார்த்துட்டு "ஆஸ்திரேலியாவுல இருந்து வந்திருக்கு"ன்னு சொல்ற ஆளுங்க இன்னும் இருக்காங்க. நம்பாதீங்க, அதெல்லாம் நம்ம நாட்டுப் பறவைங்கதான் :-)

எனக்குப் பத்து வயசு இருக்கும். தீபாவளிக்கு அப்புச்சி வீட்டுக்குப் போறப்ப பை நிறைய லட்சுமி வெடி கொண்டு போனேன். அப்புச்சி பையை வாங்கிப் பரண் மேல வச்சுட்டாரு. "கொளத்துல குஞ்சு இருக்குது சாமி. இதெல்லாம் உங்கூருல போய் வெடிச்சுக்கோ"ன்னாரு. அன்னிக்கு அழுதேன். கம்பி மத்தாப்புதான் கிடைச்சுது. குளத்தைச் சுத்தியுள்ள ஊர்க்காரங்க இருபது வருசத்துக்கும் மேல தீபாவளிக்கு வெடி வெடிக்கறதில்லைங்கறது பின்னாலதான் தெரிஞ்சுது.

சரி, மழை கம்மியான இந்தச் சீமையில அந்தக் குளத்துக்குத் தண்ணி எங்கிருந்து வருது? மழைத் தண்ணி கொஞ்சம். மிச்சம் கீழ்பவானி வாய்க்கால்ல இருந்து கசியற தண்ணி.

சுதந்திரம் வந்த கையோட, 1948ல பவானிசாகர் அணை வேலை ஆரம்பிச்சு 1955ல முடிஞ்சுது. தியாகி எம்.ஏ. ஈஸ்வரன் மாதிரி ஆளுங்க விடாம நின்னு வாங்கின திட்டம். அணையில இருந்து 200 கிலோமீட்டர் நீளத்துக்கு மண் வாய்க்கால் வெட்டி, சுமார் 2 லட்சம் ஏக்கருக்குப் பாசனம் கொடுத்தாங்க. மண் கரைங்கறதால ஓடற தண்ணியில ஒரு பங்கு பூமிக்குள்ள இறங்கிடும். அது கீழ்ப்பக்கத்துக் கிணத்துல ஊறும், ஓடையில வழியும், குளத்துல போய் நிக்கும். வாய்க்கால்ல தண்ணி விட்டாச்சுன்னா அப்புச்சி மொதல்ல கிணத்தைத்தான் எட்டிப் பார்ப்பாரு. கணக்குல பாசனமே இல்லாத தோட்டமும் இப்படித்தான் வெளைஞ்சுது.

2020ல இந்த வாய்க்காலுக்குக் கான்கிரீட் போட 700 கோடி ரூபாய்க்கு மேல அரசு அனுமதி கொடுத்துச்சு. உடனே விவசாயிங்க ரெண்டா பிரிஞ்சாங்க. 2023ல போராட்டம் பெருசாச்சு.

கடைமடைக்காரங்க பக்கத்தையும் பார்க்கணும். வரியும் கட்டிட்டு, தண்ணி வந்து சேருமான்னு வாய்க்காலையே பார்த்துட்டு உக்காந்திருக்கறவனுக்கு, நடுவுல கசியற ஒவ்வொரு சொட்டும் அவன் பங்குதான். அவங்க கேக்கறதுல தப்பே இல்லைங்க. ஆனா வாய்க்காலை முழுசா அடைச்சா, 70 வருசமா கசிவை நம்பி உருவான கிணறு, தென்னை, மாடு, குடிதண்ணி எல்லாத்துக்கும் என்ன பதில்? அந்தக் குளத்துக்கு என்ன பதில்?

இஞ்சினியரிங் புஸ்தகத்துல கசிவுன்னா நஷ்டம்னுதான் நானும் படிச்சேன், மார்க்கும் வாங்கினேன். ஆனா அந்த நஷ்டம் யார் கணக்குல வரவு ஆகுதுன்னு எந்தப் பாடத்துலயும் கேட்டதில்லை. எங்க ஆபீஸ்லயே பழைய கோடுல ஒரு பக்கை சரி பண்ணினா, அதையே நம்பி ஓடிட்டிருந்த நாலு புரோகிராம் நின்னு போகும். 70 வருசம் ஓடின ஒண்ணைத் தொடறதுக்கு முன்னாடி, அதை யார் யாரெல்லாம் நம்பி இருக்காங்கன்னு ஒரு லிஸ்ட் எடுக்க வேண்டாமா?

அந்த லிஸ்ட்ல பட்டா இல்லாத பேருங்களும் இருக்கு. நீலச்சிறகிக்கு மனுக் குடுக்கத் தெரியாது. அதுக்காகப் பேசினது, வெடியைப் பரண்ல தூக்கி வச்ச அந்தக் கிழவனுங்கதான். போப்ஜிகாவுல கம்பியைப் புதைச்சாங்க, இங்க வெடியைப் புதைச்சாங்க. எந்தச் சட்டமும் வந்து இவங்களைக் கட்டாயப்படுத்தலை.

அப்புச்சி இப்ப இல்லை. போன மார்கழியில கரை மேல நின்னுட்டிருந்தேன். எல்லா வாத்தும் ஒண்ணா எந்திரிச்சு ஒரு சுத்துச் சுத்தி மறுபடி தண்ணியில உக்காந்துச்சுங்க. அந்த லட்சுமி வெடிக்காக அழுததுதான் ஞாபகம் வந்துச்சு.

உங்க ஊர்க் குளத்துக்கு எங்கிருந்து தண்ணி வருதுன்னு ஒரு தடவை போய்ப் பார்த்துட்டு எழுதுங்க மக்கா.