ஒரு சீசா மருந்து, இரண்டு சட்டம்

டிஞ்சர் என்றதும் நம் வயதுக்காரர்களுக்கு இரண்டு ஞாபகம் வரும். ஒன்று, முட்டி சிராய்த்தால் எரிய எரியத் தடவிய அயோடின். மற்றது, மதுவிலக்குக் காலத்தில் போதைக்காகக் குடித்த இஞ்சி டிஞ்சர். மூன்றாவதாகக் கஞ்சா டிஞ்சர் என்றும் ஒன்று இருந்தது. முப்பது வருஷம் மருந்துத் தொழிலில் இருந்தும் நான் அதைப் பழைய புத்தகங்களில் படித்ததோடு சரி.

கஞ்சாப் பிசின் தண்ணீரில் கரையாது, சாராயத்தில் கரையும். கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் இருந்த ஓஷானஸி 1839 வாக்கில் அப்படிக் கரைத்து, ரணஜன்னி, வலிப்பு, வாதம் கண்டவர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார். (பிற்பாடு இந்தியாவுக்குத் தந்தி கொண்டுவந்தவரும் இதே மனிதர்தான்!) பிரிட்டிஷ் மருந்து நூலில் 1932 வரை கஞ்சா டிஞ்சருக்கு இடம் இருந்தது.

சட்டத்துக்கு இது பெரிய தலைவலி. சாராயத்துக்கு ஒரு சட்டம், கஞ்சாவுக்கு ஒரு சட்டம். இரண்டும் ஒரே சீசாவில் இருந்தால்? ராஜாஜி 1937-இல் சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கு 1948-இல் மாகாணம் முழுக்க வந்தது. பம்பாய் 1949-இல் போட்ட சட்டமோ சாராயம் கலந்த எல்லாத் திரவத்தையும் மது என்றே சொல்லிவிட்டது. இருமல் மருந்தும் ஓடிகோலனும்கூடத் தப்பவில்லை. பால்ஸாரா வழக்கில் 1951-இல் உச்ச நீதிமன்றம், குடிப்பதைத் தடுக்கலாம், மருந்து வைத்திருப்பதையும் விற்பதையும் தடுக்க முடியாது என்று தீர்ப்புச் சொன்னது. என்னைக் கேட்டால் மிகவும் நியாயமான தீர்ப்பு.

அரசியல் சட்டமும் அப்படித்தான் பிரித்திருந்தது. சாராயமும் கஞ்சாவும் மாநிலத்தின் கலால். அவை மருந்தில் கலந்துவிட்டால் மத்திய அரசின் வரி. அதற்காக வந்ததுதான் 1955-ஆம் வருஷத்து மருந்து, ஒப்பனைப் பொருள் கலால் சட்டம். வரி போடுவது டெல்லி, வசூலித்து வைத்துக்கொள்வது மாநிலம். இப்படி மருந்து செய்யும் ஒரு கம்பெனிக்கு நான் போனபோது, ஸ்பிரிட் அறைக் கதவில் கம்பெனிப் பூட்டு ஒன்று, கலால்காரர் பூட்டு ஒன்று தொங்கும். இருவரும் வந்தால்தான் கதவு திறக்கும். 2017-இல் ஜி.எஸ்.டி. வந்ததும் அந்தச் சட்டம் போயிற்று.

அதற்குள் 1985-இல் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் வந்துவிட்டது. பூ, காய் உள்ள நுனிதான் அதில் கஞ்சா. தனி இலை சேராது. ஆயுர்வேதத்தில் இன்று விஜயா என்ற பெயரில் மருத்துவர் சீட்டுக்கு மருந்து கிடைப்பது இந்த இலையால்தான். பூவை ஊறவைத்த டிஞ்சருக்கு அந்த வழி கிடையாது. ஐ.நா.வின் 1961 உடன்படிக்கையும் கஞ்சாச் சாற்றையும் டிஞ்சரையும் பெயர் சொல்லிக் கட்டுப்படுத்துகிறது. அந்த வரியை நீக்கலாமா என்று 2020 டிசம்பரில் ஓட்டெடுத்தார்கள், தோற்றுப்போயிற்று.

முழங்கால் வலியில் அவதிப்படும் நண்பர் ஒருவர், கனடாவில் இருக்கும் மகன் அங்கே கடையில் விற்கும் டிஞ்சரைக் கொண்டு வரலாமா என்று கேட்டார். அங்கே வாங்குவது சட்டப்படி சரி. ஆனால் கனடா எல்லையைத் தாண்டி எடுத்து வருவது அங்கேயே குற்றம், இங்கே இறக்குவதும் குற்றம். மருந்து, டாக்டர் சீட்டு இருக்கிறது என்று விமான நிலையத்தில் சொல்லிப் பயனில்லை. பையனிடம் இன்றைக்கே போன் பண்ணிச் சொல்லிவிடுங்கள் என்றேன்.